பருத்திச் செடி சொல்லும் வியாபாரக் கணக்கு

“நானா, இது சுத்தக் கொட்டன்தானே?”

பெருநாள் நெருங்கும் வாரங்களில் எனது கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் “ஓம்” என்று சொல்லிவிடுவேன். சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் “பக்கத்து ரோலும் சுத்தக் கொட்டன் என்கிறீர்கள், இது மட்டும் ஏன் மூன்று மடங்கு விலை?” என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? “இது நல்ல சரக்கு, அது சாதாரண சரக்கு” என்பதற்கு மேல் நமக்கு விஷயம் தெரிவதில்லை. புடவை வியாபாரத்தில் முப்பது வருடம் இருந்த எனக்கும் நீண்ட காலம் தெரியாமல்தான் இருந்தது. தெரியாமல் இருந்ததற்கு ஒரு விலையும் கொடுத்தேன்.

2012 இல் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் கருநீலக் கொட்டன் துணி இருபத்தெட்டு ரோல் வாங்கினேன். யாருக்கு நாற்பது ரூபா மலிவு. கடை வெளிச்சத்தில் பார்க்க எந்தக் குறையும் இல்லை. அக்குறணையில் ஒரு கலியாண வீட்டார் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி குர்தா தைக்க அதில் நான்கு ரோல் எடுத்தார்கள். தைத்து வந்ததைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மா தூவியது போல் துணியெங்கும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். கழுவினாலும் போகவில்லை. துணிக் காசோடு தையல் கூலியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். மிச்ச ரோல்களை வாங்கிய விலையில் பாதிக்குத் தள்ளினேன். மொத்த வியாபாரியோ, “சாயம் போட்டவனைக் கேளுங்கள்” என்று கையை விரித்துவிட்டார்.

அடுத்த முறை திருப்பூருக்குச் சரக்கெடுக்கப் போனபோது அந்தத் துணியில் ஒரு துண்டைக் கொண்டு போனேன். நூல் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒருவர், ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்து, கண்ணாடி வைத்துப் பார்த்தார். “சாயக்காரனைத் திட்டாதீங்க பாய். இது காய் முத்தாத பஞ்சு. செடியிலேயே வந்த குறை” என்றார். துணியின் குறை செடியிலிருந்து வரும் என்பதை நான் கேட்டது அன்றுதான். மறுநாள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பருத்தித் தோட்டத்துக்கும் கூட்டிப் போனார். அங்கே பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் நமது வியாபார நண்பர்களுக்கு விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இலவம் பஞ்சும் பருத்திப் பஞ்சும்

அலவத்துகொட பக்கத்தில் இலவ மரத்தைப் பார்க்காதவர் இல்லை. அந்தப் பஞ்சில் தலையணை செய்கிறோம், நூல் நூற்பதில்லை. ஏன்? இலவம் பஞ்சு காயின் உட்சுவரில் வளர்வது. வழுவழுப்பான, உள்ளே காற்று நிறைந்த குழாய். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. பருத்திப் பஞ்சோ விதையின் தோலிலிருந்து வளர்வது. ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு உயிரணு. அகலத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீளமாக அது வளர்ந்துவிடுகிறது. ஒரு விதையில் இப்படிப் பல்லாயிரம் இழைகள். காய் வெடித்துக் காயும்போது ஒவ்வொரு இழையும் நாடா போல் தட்டையாகி, தானாகவே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினால்தான் இழையோடு இழை பிடித்து நூலாகிறது.

பூ விரிந்த நாளிலிருந்து காய் வெடிக்கும் வரை ஏறத்தாழ ஐம்பது நாள். இந்த ஐம்பது நாளை இரண்டு பாகமாகப் பிரிக்கலாம். முதல் மூன்று வாரம் அளவில் இழை நீளுகிறது. பிறகு நீளம் நின்று, இழையின் உள்ளே செலுலோஸ் படலம் படலமாகப் படிந்து சுவர் தடிக்கிறது. முதல் பாகத்தில் தண்ணீர் தட்டுப்பட்டால் இழை குட்டையாகிவிடும். இரண்டாம் பாகத்தில் வெயில் குறைந்தாலோ, குளிர் வந்தாலோ, செடி நோயில் வாடினாலோ இழையின் சுவர் மெலிந்துவிடும்.

மெலிந்த இழை சாயத்தைச் சரியாகப் பிடிக்காது. ஆலையில் அது சுருண்டு குட்டி முடிச்சாகும். ஆலைக்காரர்கள் இதற்கு ‘நெப்’ என்று பெயர் சொல்கிறார்கள். கருநீலம், கறுப்பு, கடும் பச்சை போன்ற நிறங்களில் இது வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். வெள்ளைத் துணியிலோ தெரியாது. எனது இருபத்தெட்டு ரோலில் இருந்தது இதுதான். நம்மூரில் களவுக்குப் பயந்து மிளகை முற்றாமல் பறிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பார்வைக்கு மிளகுதான், லீற்றர் எடை போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பஞ்சிலும் அதே கதைதான்.

விளைச்சல் என்பது பெருக்கல் கணக்கு

செய்கைக்காரன் பார்ப்பது விளைச்சலை. அது மூன்று எண்களின் பெருக்கம். ஏக்கரில் எத்தனை காய் நிற்கிறது, ஒரு காயின் எடை என்ன, அந்த எடையில் பஞ்சு எத்தனை வீதம்.

காயின் எண்ணிக்கைதான் இதில் பெரிய எண். பருத்திச் செடி வைக்கும் மொட்டிலும் பிஞ்சிலும் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடுவது வழக்கம். எவ்வளவை அது தாங்கி நிற்கிறது என்பதில்தான் செய்கைக்காரனின் இலாபம். அடுத்தது காயின் எடை. மூன்றாவது, விதையையும் பஞ்சையும் ஜின்னிங் இயந்திரத்தில் பிரிக்கும்போது கிடைக்கும் பஞ்சின் பங்கு. சாதாரண இரகங்களில் நூறு கிலோ விதைப் பருத்திக்கு 33 முதல் 40 கிலோ வரை பஞ்சு வரும். மிச்சம் பெரும்பாலும் விதை.

கணக்குக்காக ஒரு செடியை எடுப்போம். இருபது காய், காய்க்கு நான்கு கிராம் என்றால் 80 கிராம் விதைப் பருத்தி. பஞ்சு 35 வீதம் என்றால் 28 கிராம். ஒரு சேர்ட்டுக்கு 200 கிராம் துணி வேண்டும் என்றால், ஆலையில் கழிவதைக் கணக்கில் எடுக்காமலே ஏழு செடிக்கு மேல் தேவை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஆலைக்காரன் பார்ப்பது வேறு

ஆலைக்காரனுக்கு ஏக்கர் கணக்கு வேண்டாம். அவன் பார்ப்பது முக்கியமாக நான்கு விஷயங்கள்.

முதலாவது நீளம். இந்தியாவில் 20 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்ததும் குட்டை இழை, 27.5 முதல் 32 வரை நீண்ட இழை, 32.5 க்கு மேல் மிக நீண்ட இழை. இழை நீண்டால் மெல்லிய நூல் நூற்கலாம். இழை குட்டையானால் அதன் நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாலு தரம் கழுவியதும் துணியில் பஞ்சு பூத்து உருண்டை கட்டுவது அதனால்தான்.

இரண்டாவது பலம். நூல் தறியில் அறாமல் ஓடுவதும், துணி கிழியாமல் உழைப்பதும் இதில் தங்கியிருக்கிறது.

மூன்றாவது மென்மை, நான்காவது முதிர்ச்சி. இவை இரண்டையும் சேர்த்து ‘மைக்ரோனேர்’ என்ற ஒரே எண்ணால் அளக்கிறார்கள். குறிப்பிட்ட எடைப் பஞ்சுக்குள் காற்றை விட்டு, எவ்வளவு சுலபமாகக் காற்று போகிறது என்று பார்ப்பதுதான் முறை. அமெரிக்கச் சந்தையில் 3.7 முதல் 4.2 வரை உள்ள பஞ்சுக்கு மேலதிக விலை, 3.5 க்குக் கீழேயும் 5 க்கு மேலேயும் போனால் விலை வெட்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண் குறைவாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். இழை பிறவியிலேயே மெல்லியதாக இருக்கலாம். அது உயர்ந்த சரக்கு. அல்லது இழை முற்றாமல் சுவர் மெலிந்து போயிருக்கலாம். அது கழிவுச் சரக்கு. இரண்டுக்கும் எண் ஒன்றே. இரகம் எது என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்புகிறவன் ஏமாறுவான்.

இரண்டும் ஏன் சேர்ந்து வருவதில்லை?

அதிக விளைச்சலும் உயர்ந்த இழையும் ஒரே செடியில் கிடைத்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பருத்தி ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, இவை இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராக இழுக்கின்றன என்பதைத்தான். பஞ்சு வீதம் கூடிய இரகத்தில் பெரும்பாலும் நீளம் குறைகிறது. விளைச்சல் கூடிய இரகத்தில் பலம் குறைகிறது.

காரணம் சிக்கலானதல்ல. இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரைதான் செடியின் முதல். அந்த முதலை வைத்து நிறையக் காய்களையும், விதைக்கு நிறைய இழைகளையும் வளர்க்கலாம்; அல்லது குறைந்த இழைகளை நீளமாகவும் மெல்லியதாகவும் வளர்த்து, நாள் எடுத்து முற்றவிடலாம். கையில் உள்ள ஒரே பணத்தை இரண்டு கடையில் போட முடியுமா? இதோடு, விளைச்சலுக்கான மரபணுக்களும் தரத்தைக் கெடுக்கும் மரபணுக்களும் சில இடங்களில் ஒன்றாகப் பிணைந்து வருகின்றன. பல தலைமுறைகள் கலந்து கலந்து வளர்த்து அந்தப் பிணைப்பை ஓரளவு அறுத்த இரகங்களும் உண்டு. ஆகவே இது மாற்ற முடியாத விதியல்ல. ஆனாலும் அறுப்பதற்குப் பல வருடம் பிடிக்கும்.

உலகில் பயிரிடப்படும் பருத்தி நான்கு இனம். அவற்றில் அமெரிக்க மேட்டுநிலப் பருத்தி உலக விளைச்சலில் நூற்றுக்கு தொண்ணூறுக்கு மேல் கொடுக்கிறது. நடுத்தர இழை, நிறைந்த காய். எகிப்து, பிமா, ஸீ ஐலண்ட் என்று நாம் கேள்விப்படும் உயர்ந்த சரக்கெல்லாம் வேறொரு இனம். அதன் இழை நீளம், காய் சிறியது. மிச்ச இரண்டும் ஆசிய, ஆபிரிக்க நாட்டுப் பருத்திகள். திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணி இந்த நாட்டு இனம்தான். இழை குட்டையாக இருந்தாலும் வரட்சியைத் தாங்கும்.

சுவின் சொன்ன பாடம்

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சுஜாதா என்ற எகிப்து வழி இரகத்தையும், செயின்ட் வின்சென்ட் என்ற ஸீ ஐலண்ட் இரகத்தையும் கோயம்புத்தூரில் கலந்து, டொக்டர் வி. சந்தானம் ஒரு புது இரகத்தை உருவாக்கினார். 1974 இல் வெளியான அந்த இரகத்தின் பெயர் ‘சுவின்’. ‘சுஜாதா’வின் ‘சு’, ‘வின்சென்ட்’டின் ‘வின்’. இழை நீளம் 38 மில்லிமீற்றர் அளவு. 120 ஆம் நம்பர் நூல் நூற்கலாம். இந்தியாவின் மிக உயர்ந்த பருத்தி இதுதான். உலகத்திலேயே உயர்ந்த சில பருத்திகளுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது. சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் இதைப் பயிரிட்டார்கள்.

இப்போது முன்னே போட்ட கணக்கை எடுங்கள். சுவின் காய் சிறியது. மூன்று கிராம் என்று வைப்போம். பஞ்சு வீதம் 30 ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் வரும். அதே இருபது காய்க்கு 60 கிராம் விதைப் பருத்தி, 18 கிராம் பஞ்சு. சாதாரணச் செடி 28 கிராம் கொடுத்த இடத்தில் இது 18. போதாததற்கு வயலில் ஐந்தரை மாதத்துக்கு மேல் நிற்கிறது. அத்தனை நாளும் தண்ணீர், மருந்து, கூலி எல்லாம் செய்கைக்காரன் கையிலிருந்து போக வேண்டும்.

அப்படியானால் விலை எவ்வளவு கூடக் கிடைக்க வேண்டும்? பஞ்சின் குறைவுக்கு மட்டும் ஒன்றரை மடங்கு. கூடுதல் நாளுக்கும் ஆபத்துக்கும் அதற்கு மேலே. அந்த விலை கிடைக்காத வருடங்களில் செய்கைக்காரன் வேறு பயிருக்குப் போனான். பரப்பு சுருங்கிச் சுருங்கி இன்று மிகச் சிறிய அளவில்தான் சுவின் விளைகிறது. அந்த நாடே எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மிக நீண்ட இழைப் பஞ்சை இறக்குமதி செய்கிறது. பிழை செடியில் இல்லை; தரத்துக்குரிய விலையைக் கொடுக்க வாங்குபவன் முன்வரவில்லை. எகிப்திலும் ‘கீஸா 45’ என்ற மிக உயர்ந்த இரகம் இதே காரணத்தால் சிறிய பரப்பில் ஒதுங்கிவிட்டது.

விளைச்சலின் பக்கம் போன கதை

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1970 இல் சூரத்தில் சி. டி. பட்டேல் வெளியிட்ட ‘ஹைபிரிட் 4’ தான் உலகில் வர்த்தக ரீதியாகப் பயிரிடப்பட்ட முதல் கலப்பினப் பருத்தி. 2002 இல் காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. கலப்பினங்கள் இந்தியாவுக்கு வந்தன. 2001-02 இல் ஹெக்டயருக்கு 300 கிலோ அளவில் இருந்த பஞ்சு, 2007-08 இல் 550 ஐத் தாண்டியது. ஆனால் அந்த உச்சம் நிலைக்கவில்லை. பின்னர் 450 ஐச் சுற்றியே நின்றுவிட்டது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தத் தடுப்பை மீறிவிட்டது ஒரு காரணம். மழையை நம்பிய நிலங்களில் நீண்ட நாள் நிற்கும் கலப்பினங்களை இடைவெளி விட்டு நடுவது இன்னொரு காரணம். உலகிலேயே அதிகப் பரப்பில் பருத்தி போடும் நாடு இன்னும் உலக சராசரிக்குக் கீழேதான் எடுக்கிறது.

நமக்கு முக்கியமான விஷயம் வேறு. இந்த மாற்றத்தில் இந்தியப் பருத்தியின் இரண்டு ஓரங்களும் சுருங்கின. குட்டை இழை நாட்டுப் பருத்தியும் குறைந்தது, மிக நீண்ட இழையும் குறைந்தது. பெரும்பாலான விளைச்சல் 27.5 க்கும் 32 க்கும் இடைப்பட்ட இழையாகிவிட்டது. ஆகவே இந்தியச் சரக்கைக் காட்டி “இது விசேஷப் பருத்தி” என்று ஒருவர் சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள். விசேஷம் எது என்று கேளுங்கள். 2016 இல் அமெரிக்காவின் ஒரு பெரிய கடைத் தொடர், எகிப்துப் பருத்தி என்று விற்ற படுக்கை விரிப்புகளில் வேறு பருத்தி இருந்ததைக் கண்டுபிடித்துத் தனது விநியோகஸ்தரையே நிறுத்திவிட்டது. அவர்களையே ஏமாற்றலாம் என்றால் நாம் எம்மாத்திரம்?

நமது கடையில் செய்யக்கூடியவை

இலங்கையில் ஒரு காலத்தில் ஹம்பாந்தோட்டை, மொனராகலைப் பக்கம் பருத்திச் செய்கை இருந்தது. இன்று நாம் விற்கும் கொட்டன் எல்லாம் வெளியிலிருந்து வருவதுதான். செடியை நாம் பார்க்கப் போவதில்லை. ஆனால் செடி விட்டுச் சென்ற அடையாளம் துணியில் இருக்கிறது. நான் இப்போது பார்ப்பவை இவை:

ஒன்று, கடும் நிறத் துணியை ஒருபோதும் கடை லைட்டில் பார்த்து வாங்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முழம் விரித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இரண்டு, ஒரு நூலை உருவி முறுக்கைப் பிரித்து மெல்ல இழுங்கள். குட்டை இழை என்றால் சட்டென்று பிரிந்துவிடும். நீண்ட இழை வழுக்கிக்கொண்டு நீளமாக வரும். நாலைந்து துணியில் செய்து பார்த்தால் கைக்கே பழகிவிடும்.

மூன்று, நூல் நம்பரைக் கேளுங்கள். ஒரு இறாத்தல் பஞ்சில் 840 யார் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறது என்பதுதான் நம்பர். 60 ஆம் நம்பர் என்றால் அறுபது சிட்டம். நம்பர் கூடினால் நூல் மெல்லியது. அதற்கு நீண்ட இழை வேண்டும்.

நான்கு, கோம்ப் செய்த நூலா, வெறும் கார்ட் செய்த நூலா என்று கேளுங்கள். கோம்ப் செய்யும்போது நூற்றுக்கு 12 முதல் 20 வரை குட்டை இழையாகக் கழிகிறது. விலை கூடுவதற்கு நியாயம் இருக்கிறது.

ஐந்து, இவற்றைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்பவர் பலர். எழுதித் தருபவர் சிலர். அந்தச் சிலரிடம் வாங்குங்கள்.

இதனால் குட்டை இழை எல்லாம் மோசம் என்று எடுத்துவிட வேண்டாம். துவாய்க்கும், டெனிமுக்கும், மெத்தை உறைக்கும் அதுவே போதும். ஆஸ்பத்திரிப் பஞ்சுக்கு நாட்டுப் பருத்தி மிகப் பொருத்தம். தரம் என்பது தேவைக்குத் தகுந்தது. துவாய்க்கான பஞ்சைக் குர்தாவுக்கு விற்பதுதான் தவறு.

சென்ற மாதம் அக்குறணையில் புதிதாகக் கடை போடும் மருமகன் இரண்டு மாதிரித் துணிகளோடு வந்தார். “மாமா, இரண்டும் கொட்டன்தான். சனம் விலையைத்தான் பார்க்குது. மலிவையே எடுக்கிறேன்” என்றார். இரண்டிலும் ஒரு நூலை உருவிக் கொடுத்து, பிரித்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். “அப்ப மலிவை விற்கவே கூடாதா?” என்று கேட்டார். “விற்கலாம். மலிவு என்று சொல்லி, ஏன் மலிவு என்றும் சொல்லி விற்க வேண்டும். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது” என்றேன். கடைசியில் இரண்டையும் எடுத்திருக்கிறார். இரண்டு தட்டில் வைத்து, நூல் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறார். எதை எடுப்பது என்பதை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார்.

கூட விளைச்சலையும் உயர்ந்த தரத்தையும் மலிவு விலைக்குத் தரும் பருத்திச் செடி இன்னும் முளைக்கவில்லை. அப்படி ஒரு சரக்கு இருக்கிறது என்று யாராவது உங்கள் கடைக்கு வந்தால், அதன் நஷ்டத்தை யாரோ ஒருவர் சுமக்கப் போகிறார் என்று அர்த்தம். 2012 இல் அதைச் சுமந்தவன் நான். அடுத்தவர் நீங்களாக இருக்க வேண்டாம்.